ஒரே நாளில் போய் வந்த ட்ரியர்

வெளிநாட்டில் படித்தபோது ஒரே நாளில் போய் வந்த பழைய நகரங்களில் எது மனதில் நின்றது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ட்ரியர்தான். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், லக்சம்பர்க் எல்லைக்குப் பக்கத்தில், மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்.

2018 அக்டோபரில் முதுகலை படிக்க சார்ப்ரூக்கன் போனேன். முதல் குளிர்காலம் முழுக்க விடுதி, வகுப்பு, நூலகம் என்று இந்த மூன்றுக்குள்ளேயே கழிந்துவிட்டது. ஐந்து மணிக்கே இருட்டிவிடும், பேச ஆள் இருக்காது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் பக்கத்து அறையில் இருந்த அக்கா கதவைத் தட்டி, "ட்ரியர் போறோம், அஞ்சாவது ஆள் நீதான், கிளம்பு" என்றார். ஐந்தாவது ஆள் ஏன் முக்கியம் என்றால், ட்ரியர் இருக்கும் மாநிலத்தில் ஒரு நாள் டிக்கெட் ஒன்றை ஐந்து பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். சார்ப்ரூக்கன் இருக்கும் பக்கத்து மாநிலமான சார்லாந்திலும் அது செல்லும். இப்போது படிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கே வேண்டாம். மாதாந்திர டாய்ச்லாந்து டிக்கெட் கையில் இருந்தால் போதும், வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் ஏறலாம்.

ரயிலில் ஒரு மணி நேரம். இடது பக்கம் உட்காருவதா வலது பக்கமா என்று யோசிக்க வேண்டாம், இரண்டு பக்கமும் அழகு. ஃபோல்க்லிங்கனில் துருப்பிடித்த பழைய இரும்பாலை வரும், அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதுதான். அதற்குப் பிறகு சார் ஆறு கூடவே வரும். கோன்ஸ் என்ற ஊரில் அது மோசலில் கலந்துவிடும்.

நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் போர்ட்டா நிக்ரா, அதாவது கறுப்பு வாசல். ரோமானியர் கட்டிய நகர வாசல். அந்தக் காலத்து மரத்துண்டின் வளையங்களை எண்ணி, கட்டத் தொடங்கியது கி.பி. 170 என்று 2018-இல்தான் உறுதி செய்திருந்தார்கள். சாம்பல் நிற மணற்கல், காலப்போக்கில் கறுத்துப்போனது. அக்கா ஊரில் சிவில் படித்துவிட்டு வந்தவர். சுவருக்குப் பக்கத்தில் போய்க் கையை வைத்து, "சாந்தே இல்ல, பாத்தியா?" என்றார். உண்மைதான். பெரிய பெரிய கற்களை அப்படியே அடுக்கி, இரும்புக் கவ்விகளால் பிணைத்திருக்கிறார்கள். பின்னாளில் இரும்புக்கு ஆசைப்பட்டவர்கள் தோண்டித் தோண்டி எடுத்த குழிகள் சுவர் முழுக்க இருக்கின்றன.

அந்த நகரத்துக்கு அப்படிப்பட்ட வாசல்கள் நான்கு இருந்தன. மற்ற மூன்றையும் இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இது மட்டும் எப்படித் தப்பியது? சிமியோன் என்ற கிரேக்கத் துறவி இதன் ஒரு கோபுரத்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்து, 1035-இல் அங்கேயே இறந்தார். அவருக்காக இந்த வாசலையே தேவாலயமாக மாற்றினார்கள். தேவாலயத்தை யாரும் இடிக்கவில்லை. பிறகு நெப்போலியன் 1804-இல் இங்கே வந்து, தேவாலயப் பகுதிகளை நீக்கி ரோமானிய வடிவத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஆனாலும் கிழக்குப் பக்கம் தேவாலயத்தின் அரைவட்ட முனை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதர் உள்ளே குடியிருந்ததால் ஒரு கட்டடம் பிழைத்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அன்று முழுக்க அதையே தேடிக்கொண்டு நடந்தேன்.

தேடத் தேடக் கிடைத்தது. பேராலயத்தின் நடுப்பகுதியில் ரோமானியச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. வாசலில் உடைந்த பழங்காலத் தூண் ஒன்று கிடக்கிறது, அதில் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. சற்றுத் தள்ளி கான்ஸ்டன்டைன் பேரரசரின் அரியணை மண்டபம். 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இப்போது அது புராட்டஸ்டன்ட் தேவாலயம். 1944-இல் குண்டுவீச்சில் எரிந்தது. திரும்பக் கட்டும்போது பூச்சோ அலங்காரமோ செய்யாமல் வெறும் செங்கல்லாக விட்டுவிட்டார்கள். நாங்கள் போனபோது யாரோ ஆர்கன் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுரமும் அடங்க அவ்வளவு நேரம் எடுத்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்தக் குளிர்காலத்தில் சேர்த்துவைத்திருந்த அழுகை எல்லாம் அங்கேதான் வந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும், சூப்பர் மார்க்கெட்டும்தான். அதனால் கையில் சாப்பாடு கொண்டுபோவது நல்லது. மண்டபத்தை ஒட்டிய அரண்மனைத் தோட்டத்தில் புல்லில் உட்கார்ந்து, அக்கா கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊரும் இதுதான். 1818 மே 5-ஆம் தேதி அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கூட வந்த இருவர் அதற்காகவே வந்திருந்தார்கள், அவர்கள் தனியாகப் போய்விட்டார்கள். சீனா பரிசளித்த, பீடத்தோடு சேர்த்து ஐந்தரை மீட்டர் உயர மார்க்ஸ் சிலை போர்ட்டா நிக்ராவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, அதை எப்படியும் பார்த்துவிடுவீர்கள்.

நான் போன இடம் ரைன்லாந்து மாநில அருங்காட்சியகம். 1993-இல் ஒரு கட்டட வேலைக்குத் தோண்டியபோது வெளிவந்த ரோமானியத் தங்கக் காசுகள் அங்கே இருந்தன. 2,500-க்கும் மேல், மொத்தம் 18 கிலோவுக்கும் அதிகம். பெரும்பாலும் கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுப் பேரரசர்களின் முகங்கள். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பல்களைப் பற்றிப் பள்ளியில் சங்கப் பாட்டாகப் படித்திருக்கிறோம் இல்லையா? அந்தப் பொன்னின் மறுமுனையில் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நம் பக்கம் தோண்டும்போது கிடைக்கிற ரோமானியக் காசுகளிலும் இந்த வகை உண்டு. ஏழு மாதமாக அந்நியமாக இருந்த நாட்டில், எனக்குத் தெரிந்த ஒரு பொருளை முதன்முதலாகப் பார்த்ததுபோல இருந்தது. அந்தப் பெட்டியின் முன்னால் அரை மணி நேரம் நின்றிருப்பேன். அதே ஆண்டு அக்டோபரில் திருடர்கள் உள்ளே புகுந்து அந்தக் கண்ணாடியைச் சம்மட்டியால் அடித்தார்கள் என்று செய்தியில் படித்தபோது பதறிப்போனேன். கண்ணாடி தாங்கிவிட்டது, காசுகள் பிழைத்தன.

பேரரசுக் குளியல் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு அடியில் நீளமான சுரங்க வழிகள், வெயில் நாளிலும் குளுகுளுவென்று இருக்கும். அவ்வளவு பெரிதாகத் தொடங்கிய இடத்தில் யாரும் குளிக்கவே இல்லை, கட்டி முடிக்காமல் விட்டுவிட்டார்கள். ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கமும் (ஆம்ஃபிதியேட்டர்) இருக்கிறது, அதற்கு எங்களுக்கு நேரம் போதவில்லை.

சாயங்காலம் மோசல் கரைக்கு வந்தோம். அங்கே ஒரு பாலம் இருக்கிறது. பார்க்க ஒன்றும் இருக்காது, படமெடுக்க யாரும் நிற்பதில்லை. ஆனால் ஆற்றுக்குள் நிற்கும் கறுப்புத் தூண்கள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியர் நிறுத்தியவை. மேலே உள்ள வளைவுகள் மட்டும் பின்னாளில் கட்டியவை. ஜெர்மனியில் இன்னும் நிற்கும் பாலங்களில் இதுதான் மிகப் பழையது. ஒரு பேருந்து எங்களைக் கடந்து போனது, நடைபாதை லேசாக அதிர்ந்தது. அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டே, "இதுக்கு லோடு டெஸ்ட் பண்ணவன் செத்து ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அவ்வளவு மரியாதை.

ஒரு நாள் போதுமா என்று கேட்டால், போதும். எல்லாமே நடக்கும் தூரம்தான். ரோமானியக் கட்டடங்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரே அட்டை வாங்கலாம், மாணவர் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட்டால் அரங்கத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். நான் அதற்கப்புறம் மூன்று முறை போனேன், கடைசி முறை அம்மாவோடு. ரயிலிலிருந்து இறங்கியதும் அம்மாவை நேராகப் பாலத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்து வரும்வரை காத்திருந்தோம்.