சின்னக் குசினிக்கு முதல்ல என்ன வாங்கலாம்?

தங்கச்சி, கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்திருக்கிறன், 8க்கு 6 அடிக் குசினி, ஒற்றை அடுப்பு, எதை முதல் வாங்கிறது எண்டு கேட்டிருந்தீங்கள்.

முதல் தேங்காய் திருவிற திருவலைதான். குந்தியிருந்து திருவிற பலகைக்கு உங்களிட்ட இடமில்லை. மேசை விளிம்பில பூட்டிறதை எடுங்கோ, மேசை மட்டும் ஆடக்கூடாது.

பிறகு ஒரு புட்டுப்பானை. அதின்ர வாயில பனையோலையால இழைச்ச நீத்துப்பெட்டி வைச்சாப் புட்டு, தட்டை அடுக்கினா இடியப்பம். நீத்துப்பெட்டியைக் கழுவின கையோட வெயில்ல காயவிடுங்கோ, ஈரத்தோட வைச்சாப் பூஞ்சணம் பிடிக்கும்.

மீன்குழம்புக்கு மண்சட்டி கட்டாயம் வேணும். அலுமினியத்தில புளி விட்டா, அது பாத்திரத்தை அரிச்சுக் குழம்பின்ர ருசியையே மாத்திப்போடும். புதுச் சட்டியை ஒரு இரவு தண்ணியில ஊறவிட்டு, முதல்ல கஞ்சி காய்ச்சி ஊத்துங்கோ. நான் பொறுமையில்லாமல் நேரே அடுப்பில வைச்சன். அடியில மயிர் போல ஒரு கோடு விழுந்து, அரைக்கிலோ பாரைக் குழம்பு அடுப்புக்குள்ள போச்சுது.

கூர் நிக்கிற கத்தி ஒண்டு, பொரிக்க, வதக்கத் தாச்சி ஒண்டு, அகப்பை இரண்டு. அம்மி இப்ப வேண்டாம், சின்ன கிரைண்டர் காணும்.

எத்தினை பேருக்குச் சமைக்கிறீங்கள் எண்டு எழுதுங்கோ, பானையின்ர அளவு சொல்லுறன்.