இடுப்பைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: மேலப்பாளையம் சந்தையில் கறிக்குச் செம்மறிக் குட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? புதிதாகக் கடை போட்டிருக்கிறேன். (வாசகர், தக்கலை)

பதில்: தம்பி, வயிற்றைப் பார்த்து விலை பேசாதீர்கள். குடித்த தண்ணீருக்கும் காசு கொடுப்பீர்கள். கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகுத்தண்டில் கையை வைத்து அழுத்துங்கள். எலும்பு கூராகக் குத்தினால் கறி இல்லை. உருண்டு திரண்டு தட்டுப்பட்டால் எடுக்கலாம். 20 கிலோ குட்டியில் எலும்போடு 9 கிலோ கிடைத்தால் நல்ல உருப்படி.

அப்புறம் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெரும்பாலும் குடற்புழுதான். நாகர்கோவிலில் நான் கடை வைத்த முதல் வருடம் அப்படி 4 குட்டி வாங்கிவிட்டேன். உரித்தபோது கறியெல்லாம் நீர் கோத்திருந்தது. ஒரு துண்டுகூட விற்க மனம் வரவில்லை.

வாயைத் திறந்து பாருங்கள்; கீழ்த்தாடை முன்பல் எட்டும் பால்பல் என்றால் இளங்குட்டி, சரி. மூக்கு ஒழுகுவதைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.