வலி நின்றால் சிறுநீரகக் கல் வெளியேறிவிட்டது என்று அர்த்தமா?

வலி போய் ஒரு வாரம் ஆகிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினும் நார்மல், அப்புறம் எதற்கு இன்னொரு ஸ்கேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இடது யூரிட்டரில் 7 மி.மீ. கல். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் அந்தக் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், பைக்குள் நுழையும் இடத்தில்தான் ரொம்பக் குறுகல், பல கற்கள் அங்கேதான் மாட்டும். 5 மி.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தானே வந்துவிடும், 7 என்றால் அப்படி நம்பி இருக்க முடியாது.

அந்த வலி கல் உரசுவதால் மட்டும் வருவதில்லை. சிறுநீர் வழியின்றித் தேங்கி, உள்ளே அழுத்தம் ஏறுவதுதான் முக்கியக் காரணம். அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகம் வடிகட்டுவதையே குறைத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், வலியும் அடங்கும், ஆனால் கல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். வலது சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தப் பரிசோதனையில் இது தெரியாமலே போகலாம். வாரக்கணக்கில் விட்டால் இழந்த செயல்திறன் முழுசாகத் திரும்பாது.

வாழைத்தண்டுச் சாறு குடிப்பது உங்கள் விருப்பம், அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரை ஒரு பழைய டீ வடிகட்டியில் விட்டுப் பாருங்கள், கல் கிடைத்தால் டாக்டரிடம் கொடுங்கள், எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் சாப்பாட்டில் எதைக் குறைப்பது என்று சரியாகச் சொல்ல முடியும். நடுவில் குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம், அடைபட்ட இடத்தில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, நடுராத்திரியானாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.