தண்ணீருக்கு ஒரே கொள்கை ஏன் இல்லை?

கேள்வி: நாடு முழுவதற்கும் ஒரு நீர்க் கொள்கை இருந்தால் காவிரி மாதிரிச் சண்டைகள் வராதே, ஏன் இன்னும் கொண்டுவரவில்லை?

பதில்: மூன்று தடவை கொண்டுவந்தாகிவிட்டது. 1987, 2002, 2012. ஆனால் கொள்கை என்பது சட்டம் இல்லை, மாநிலங்கள் அதன்படி நடந்தே தீரவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலம் தாண்டி ஓடும் நதிகளுக்கு மட்டும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். அப்படி 1956-ல் நதி வாரியச் சட்டம் போட்டார்கள், மாநிலங்கள் கூடி உட்கார்ந்து ஒரு நதியை முழுசாகத் திட்டமிட வேண்டும் என்பதற்காக. அந்தச் சட்டப்படி இதுவரை ஒரு வாரியம்கூட அமையவில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். அதே வருடம் வந்த நதிநீர்த் தகராறுச் சட்டம் மட்டும்தான் புழக்கத்தில் இருக்கிறது, அதுவும் சண்டை முற்றியபிறகு. காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990, இறுதித் தீர்ப்பு 2007, உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்று முடித்தது 2018, மேலாண்மை ஆணையம் அதற்கப்புறம். 28 வருடம்!

கேள்வி: அப்படியென்றால் எல்லா அதிகாரத்தையும் மத்திய அரசிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். எந்த ஏரி தூர்ந்திருக்கிறது, எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது என்று டெல்லியிலிருந்து தெரியாது. நான் கேட்பது, ஒரு நதிப்படுகையில் உள்ள மாநிலங்கள் எல்லாம் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு பேச ஓர் இடம், அவ்வளவுதான். இப்போது ஆற்றுநீரை அளப்பது மத்திய நீர் ஆணையம், நிலத்தடி நீரை அளப்பது மத்திய நிலத்தடி நீர் வாரியம். ஆனால் தண்ணீர் ஒன்றுதானே, கரையோரக் கிணறுகளில் மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச கோடையில் ஆற்றின் ஊற்றும் வற்றிவிடுகிறது. இந்த இரண்டு அமைப்புகளையும் சேர்த்து ஒரே தேசிய நீர் ஆணையமாக்கச் சொல்லி மத்திய அரசே அமைத்த மிஹிர் ஷா குழு 2016-லேயே அறிக்கை கொடுத்தது. 2019-ல் தண்ணீர் சம்பந்தப்பட்ட அமைச்சகங்களைச் சேர்த்து ஜல் சக்தி அமைச்சகம் என்று பெயர் வைத்தார்கள், சரி, அமைப்புகள் தனித்தனியாகவேதான் இருக்கின்றன. இன்னொன்று, பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போனதற்குக் காரணம் நீர்த்துறை எடுத்த முடிவு இல்லை. இலவச மின்சாரமும், அரசு உறுதியாக வாங்கிக்கொள்ளும் நெல்லும்தான். அதனால் மின்துறையும் வேளாண்துறையும் உணவுத்துறையும் அந்த மேசையில் உட்காராவிட்டால் நான்காவதாக ஒரு கொள்கை வந்தும் பிரயோஜனம் இல்லை.