பூமியின் கவசம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பூமியின் கவசம் முழுக்கக் கொதிக்கும் பாறைக் குழம்புதானே? எரிமலையில் பொங்குவது அதுதானே?

இல்லை. கவசம் என்பது பூமியின் மேலோட்டுக்கும் நடுவிலுள்ள கருவத்துக்கும் இடைப்பட்ட அடுக்கு. அது கிட்டத்தட்ட முழுவதும் கெட்டிப் பாறை. நிலநடுக்கத்தில் கிளம்பும் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. ஆனால் கவசத்துக்குள் சுமார் 2,890 கி.மீ. ஆழம் வரை தாராளமாகப் போகின்றன; உருகிய இரும்பாலான வெளிக்கருவத்தைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. பாடப்புத்தகப் படங்களில் கவசத்துக்குச் சிவப்பு அடித்து அடித்தே இந்தத் தவறான எண்ணம் வேரூன்றிவிட்டது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

எரிமலைக் குழம்பு பெரும்பாலும் கவசத்தில்தான் பிறக்கிறது, ஆனால் அங்கே தேங்கிக் கிடப்பதில்லை. சூடான பாறை மேலேறும்போது அழுத்தம் குறையும், உருகுநிலையும் இறங்கும், ஒரு சிறு பங்கு உருகும். நடுக்கடல் மலைத்தொடர்களில் இதுதான் நடக்கிறது. ஜப்பான், இந்தோனேசியா பக்கம் காரணம் வேறு. அங்கே கீழே இறங்கும் கடல்தட்டு கூடவே தண்ணீரையும் கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீர் உருகுநிலையைக் குறைக்கிறது.

கெட்டிப் பாறை என்றால் அது நகர்வதாகச் சொல்கிறார்களே?

இமயத்துப் பனியாறு கெட்டியாக இருந்துகொண்டே இறங்கி வருகிறதல்லவா, அப்படித்தான். 1,300 டிகிரி செல்சியஸ் சூட்டில் படிகங்கள் மெல்ல உருமாறிக்கொடுக்கும். வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்.

இதற்குக் கண்ணெதிரே சாட்சி ஸ்வீடனில் இருக்கிறது. பனியுகத்தில் அந்த நிலத்தைக் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி அழுத்தியதில் அடியிலிருந்த கவசப் பாறை விலகிப்போனது. பனி உருகி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகியும் அந்தப் பாறை இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. பொத்னியா வளைகுடாக் கரை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயர்கிறது. லூலியோ என்ற ஊர் 1621-இல் உருவானது. துறைமுகம் ஆழம் குறைந்துபோனதால் 1649-இலேயே ஊரை இடம் மாற்ற வேண்டியதாயிற்று!

யாரும் போகாத இடத்தில் என்ன பாறை என்று எப்படித் தெரியும்?

துண்டுகள் மேலே வருகின்றன. வேகமாக ஏறும் எரிகுழம்பு வழியிலுள்ள கவசப் பாறையைப் பிய்த்துக்கொண்டு வரும். அப்படி வந்த ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள்: எரிகுழம்பு உறைந்த கறுத்த பசால்ட் பாறைக்கு நடுவே பச்சைத் திட்டு. அதில் பல கனிமங்கள்: சர்க்கரை மணி போன்ற வெளிர்பச்சை ஆலிவின், பளிச்சென்ற பச்சையில் குரோம் டயாப்சைடு, அங்கங்கே கறுப்பு ஸ்பினல். இதுதான் பெரிடோடைட், மேல்கவசத்தின் பாறை. ஓமன் மலைகளில் இது பெரும் பரப்பில் வெளியே தெரிகிறது.

ஆழம் கூடக்கூட அழுத்தத்தில் படிக அமைப்பே மாறும். சுமார் 410 கி.மீ.யில் ஆலிவின் வாட்ஸ்லியைட் என்ற வேறு கனிமமாகிறது. 660 கி.மீ.க்குக் கீழே பிரிட்ஜ்மனைட் ஆட்சி. பூமியில் மிக அதிகமாக உள்ள கனிமம் அதுதான்; ஆனாலும் 1879-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த விண்கல்லில் அதை இனங்கண்ட பிறகு, 2014-இல்தான் அதற்குப் பெயர் கிடைத்தது.

உள்ளே ஒரு கடலே இருக்கிறதாமே?

அலையடிக்கும் கடல் இல்லை. கவசத்தின் ஆழத்தில் ஆலிவின் எடுக்கும் இன்னொரு வடிவம் ரிங்வுடைட். 2014-இல் பிரேசில் வைரமொன்றில் சிக்கியிருந்த அதன் துணுக்கில் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் நீர் இருந்தது. அந்த நீர் படிகத்துக்குள் ஹைட்ராக்சிலாகக் கட்டுண்டது, பிழிந்தெடுக்க முடியாது.

துளை போட்டு எட்ட முடியாதா?

ரஷ்யாவின் கோலா துளை 12,262 மீட்டரில் நின்றது, மேலோட்டைக்கூடத் தாண்டவில்லை. கடலடியில் மேலோடு மெலிது, அதனால் அங்கே வாய்ப்பு அதிகம். 2023-இல் ஜோய்டஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுத் துளைப்புக் கப்பல், அட்லாண்டிக்கில் கவசப் பாறை தானாகவே மேலேறியிருக்கும் ஓரிடத்தில் 1,268 மீட்டர் துளைத்து மாதிரி எடுத்தது. மேலோட்டை முழுதாகத் துளைத்துக்கொண்டு கவசத்தைத் தொட்டவர் இன்னும் யாருமில்லை.