ஸ்கேலிங் முடிஞ்சதும் கண்ணாடியைக் கையில குடுங்க

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு பல் கிளினிக்ல ஹைஜீனிஸ்டா, அதாவது பல் சுத்தம் பண்ற வேலையில இருக்கேன். வர்றவங்கள்ல நிறைய பேருக்கு ஹான்ஸ், பீடி, பாட்டிங்கன்னா வெத்தலையோட போயிலை. விட்டுடுங்கன்னா "சரிம்மா"ன்னு தலையாட்டிட்டுப் போயிட்டு அடுத்த தடவை அதே கறையோட வர்றாங்க. டாக்டருக்கு இதுக்கு நேரமில்ல. போன வாரம் துறைமுகத்து அண்ணன் ஒருத்தர் "பல்லு க்ளீன் பண்ண வந்தேன், புத்தி கேக்க வரல"ன்னு பட்டுன்னு சொல்லிட்டார். இது என் வேலைதானா?
- பேர் வேண்டாம், கடலூர்

பதில்: உங்க வேலைதான் தங்கச்சி. சொல்லப்போனா டாக்டரை விட உங்களுக்குத்தான் சுளுவு, அவங்க வாயை அரை மணி நேரம் பக்கத்துல இருந்து பாக்கறது நீங்கதானே.

முதல்ல ஸ்கேலர், அதான் கறை சுரண்டற கருவி, ஓடிட்டிருக்கும்போது பேசறதை நிறுத்துங்க. அவரால ம்ம் ம்ம்னுதான் சொல்ல முடியும், அதைப் போய் நாம சம்மதம்னு எடுத்துக்கறோம். வாய் கொப்பளிச்சு நிமிந்து உக்காந்ததும் கைக்கண்ணாடியைக் குடுத்து, "ஹான்ஸ் எந்தப் பக்கம் வைப்பீங்கண்ணே?"ன்னு கேளுங்க. அவர் காட்டற இடத்துலதான் பெரும்பாலும் தோல் வெளுத்து, சுருங்கி, தடிச்சுக் கிடக்கும், அதை அவரே பாக்கட்டும். கேன்சர்னு நீங்க ஆரம்பிக்காதீங்க, பாக்கெட் மேல இருக்கற படத்தை தினம் பாத்துப் பழகினவர் அவர். "இந்த இடம் மாறியிருக்குண்ணே, டாக்டர் இப்பவே பாக்கட்டும்" போதும். பயாப்ஸி (சதையைக் கொஞ்சம் எடுத்துப் பாக்கற பரிசோதனை) தேவைன்னா அண்ணாமலை நகர் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, பாண்டி பக்கம்னா கோரிமேடு மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி. வெறும் பாக்குதான் போடறேன்னு சொல்ற பாட்டியையும் விட்டுடாதீங்க, மூணு விரல் வாய்க்குள்ள போகுதான்னு பாருங்க, போயிலையே இல்லாம பாக்கு மட்டுமே வாயை இறுக்கிடும்.

அப்புறம், காலையில எந்திரிச்சு எவ்ளோ நேரத்துல முதல் தடவை போடறாங்கன்னு கேளுங்க. அரை மணி நேரத்துக்குள்ளன்னா நல்லா ஊறிப்போன பழக்கம், வெறும் பேச்சு பத்தாது. துறைமுகத்துக்காரர் ராத்திரி படகுல தூக்கம் வராம இருக்கத்தான்னு சொன்னார்னா பேச்சு அந்த ராத்திரியைப் பத்தித்தான் இருக்கணும், அந்த நேரத்துல வாய்க்கு வேற என்ன, யார் கூட இருப்பாங்கன்னு.

பழக்கத்தை விட உதவற நிகோடின் கம் 2 மில்லிகிராம் மெடிக்கல்லயே சீட்டு இல்லாம கிடைக்கும், ஆனா டாக்டரைக் கேட்டுட்டே சொல்லுங்க, மாத்திரைன்னா அவர்தான் எழுதணும். கம் மெல்லற விதத்தை நீங்க உக்காந்து காட்டிக் குடுத்தே ஆகணும், இல்லைன்னா நம்மாளு வெத்தலை மாதிரி மென்னு எச்சிலை முழுங்கிட்டு, விக்கல் வருது குமட்டுதுன்னு தூக்கிப் போட்டுடுவார். மெதுவா மென்னு காரம் ஏறினதும் கன்னத்துல ஒதுக்கணும், அடங்கினதும் திரும்ப மெல்லணும். டீ, காபி குடிச்சு கால் மணி நேரமாவது ஆகியிருக்கணும்.

பீடி, சிகரெட் ஆளுங்களுக்கு இன்னொண்ணு முன்கூட்டியே சொல்லிடுங்க, நிறைய பேர் இதுலதான் கவுந்துடறாங்க. நிகோடின் ரத்தக் குழாயை சுருக்கி வச்சிருக்கறதால ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவா வராது, விட்டதும் பிரஷ் பண்ணா கசிய ஆரம்பிக்கலாம். "நிறுத்தினதாலதான் பல்லு போச்சு"ன்னு அவரே முடிவு பண்ணிட்டா அடுத்த பீடி பத்தவச்சாச்சு.

1800-11-2356 புகையிலையை விட உதவற அரசு இலவச குவிட்லைன், தமிழ்ல பேசலாம், திங்கக்கிழமை லீவு. நம்பர் பாக்கெட் மேலயே இருக்கு, கிளினிக்லயே அவரை விட்டு போன் போட வைங்க.

நிறுத்தப் போற தேதியை கார்டுல பிபி, சுகர் எழுதற இடத்துக்குப் பக்கத்துல எழுதிக்கங்க, ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ ஒரு போன் பண்ணுங்க, அப்பத்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்துல இருக்கும். திரும்ப ஆரம்பிச்சுட்டேம்மான்னு சொன்னா திட்டாதீங்க, என்னைக்கு, யார் கூட இருந்தப்போன்னு கேட்டு அதையும் அதே கார்டுல எழுதிட்டு புதுத் தேதி வாங்கிக்கங்க.