எழுத்து தெரிகிறது, சொல் வரவில்லை

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கும் நான், பணி ஓய்வுக்குப் பின் அருகிலுள்ள பள்ளியின் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தர விரும்புகிறேன். எழுத்துகளை ஒப்பிக்கிறார்கள், சொற்களைப் படிக்கத் திணறுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தங்கள் எண்ணம் மகிழ்ச்சி தருகிறது. முதலில் தலைமையாசிரியரைச் சந்தித்து அனுமதி பெறுங்கள். பள்ளி நேரத்துக்குப் பின் குழந்தைகளுக்குக் கற்றுத்தர 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமே தன்னார்வலர்களை நம்பி எழுந்ததுதான்.

247 எழுத்துகளையும் வரிசையாகச் சொல்லும் குழந்தை சொல்லில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் மெய்யோடு சேரும் கொம்பு, கால் போன்ற உயிர்க்குறியீடுகளே காரணம். அன்றாடம் பெயர்ப்பலகையில் பார்க்கும் 'தேயிலை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, 'லை'யில் ஐகாரக் குறியும் அப்படியே. விரலை ஒவ்வொரு எழுத்தின் கீழும் நகர்த்தி, கொம்பையும் மெய்யையும் ஒரே எழுத்தாகப் பார்க்கப் பழக்குங்கள். வீட்டில் நீலகிரியின் படுக மொழி பேசும் குழந்தையாயின், வாசிக்கும் முன் அச்சொல்லின் பொருளைப் பேசிவிடுங்கள். தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டுவது இருமடங்குச் சுமை. நாளுக்கு அரைமணி நேரம், நான்கைந்து குழந்தைகள் போதும். தவறாகப் படித்தால் உடனே திருத்தாமல், அவர்களே மீண்டும் பார்க்கச் சற்றுக் காத்திருங்கள்.